நடுக்கூடத்தில் யாரையும் உட்காரவிடாத ஸ்டெல்லா அக்கா

செய்தி வந்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. சிதம்பரத்தில் மகள் ஜெனிஃபர் வீட்டுக்குப் போயிருந்தார் ஸ்டெல்லா அக்கா. அங்கிருந்து அவள் போனில் தேம்பினாள். "அம்மா போயிட்டாங்க மாமா. நம்ம மாடிக்குத்தான் கொண்டு வரோம்." மாடிக்கா? எத்தனை பேர் வருவார்கள்? அத்தனை பேரும் அந்தக் கூடத்தில்தானே நிற்பார்கள்?

கடலூர் முதுநகர்க் கடைத்தெருவில் அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கட்டடத்தையும் தெரியும். கீழே கடைகள், மேலே மூன்று குடித்தனம், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத மரப்படி. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த தளம். இரண்டு கடையை ஒன்றாக்குவதற்காக நடுச்சுவரை ஓனர் எப்போதோ எடுத்துவிட்டார். அக்காவின் கூடத்தைத் தாங்கியது அந்தச் சுவர்தான். பிறகுதான் நான் வாடகைக்கு வந்து பாத்திரக்கடை போட்டேன். என் தலைக்கு நேர் மேலே அக்கா வீடு.

டெலிபோன் ஆபீசில் ரிட்டயரானவர் அக்கா. யார் வந்தாலும் "செவுத்தோரமா ஒக்காருங்க" என்பார். நடுக்கூடம் எப்போதும் காலி. "நடந்தா டம்ளர்ல தண்ணி ஆடுது தம்பி. எனக்குப் பயமா இருக்கு, அவ்ளோதான்" என்று வெட்கமில்லாமல் சொல்வார். பயந்தாங்கொள்ளி அக்கா என்று தெருவே கேலி பேசியது.

2006இல் ஜெனிஃபருக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாரையும் அக்கா விடவில்லை, எல்லாரையும் சுவரோரமாகவே வரிசையாக உட்கார வைத்தார். "நடுவுல என்ன, பேயா ஒக்காந்திருக்கு?" என்று மாப்பிள்ளையின் அத்தை முணுமுணுத்தார். ஜெனிஃபருக்கு மானமே போய்விட்டது. அப்புறம் நாங்கள் சிதம்பரத்துக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது பாருங்கள், அவர்கள் எங்களையும் சுவரோரமாகவே உட்கார வைத்தார்கள். கடலூர்க்காரர்களின் வழக்கம் என்று நினைத்துவிட்டார்கள்! அதுவோ புத்தம்புது கான்கிரீட் வீடு. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நல்ல வழக்கம்தான், உட்டுடாதீங்க" என்றார் சம்பந்தியிடம்.

2011இல் அடித்த 'தானே' புயலுக்குப் பிறகு கேலி நின்றது. உத்திரத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இத்தினி வருசம் நின்னது நாளைக்கா உழுந்துடும்?" என்றார். "அப்ப நாளைக்கு நீங்க வந்து படுங்க" என்றார் அக்கா. ஓனர் வரவில்லை. அதிலிருந்து எனக்கும் கடையில் கல்லாவை விட மேற்கூரையைப் பார்ப்பதே வேலையாகிப் போனது.

அதனால்தான் போனில் கெஞ்சினேன். "என் கடையிலயே வைப்போம்மா. மாடி வேணாம்."

"வாழ்ந்த வீட்டுக்குள்ள போகாம எப்படி மாமா? எல்லாரையும் செவுத்தோரமா நிக்கச் சொல்லிடறேன்."

"அழ வர்றவங்கள எப்படிம்மா செவுத்தோரமா நிக்க வெப்ப?"

"சரி மாமா, கீழயே வைங்க" என்றாள்.

பாத்திரங்களைத் தெருவில் அடுக்கிவிட்டு அக்காவைக் கடையில் கிடத்தினோம். ஜெபம் முடியும்வரை நான் மரப்படியை மறித்து நின்றேன். வீட்டைப் பார்க்க ஏறப்போனவர்களிடம் கத்தினேன். "சாவு வூட்டுல ஏம்ப்பா இப்படிக் கத்துற?" என்றார் ஒரு பெரியவர். "பயமா இருக்குங்க" என்றேன். அக்காவைப் போலவே எனக்கும் வெட்கமாக இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்காது. ஓனர் புதிதாக ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டைக் காட்ட மேலே போனார். என் தோளில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் நட்டநடுக் கூடத்தில் நின்று, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீடு வேணாம்மா" என்றேன், ஓனர் முகத்துக்கு நேராக. அவர் முறைத்தார். நாளைக்கு என்னைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார். சொல்லட்டும். இத்தனை வருடம் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அக்கா ஒருவரே பயப்பட்டார். இனி அது என் வேலை.