அப்பா சேராத பந்தி

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை. அது முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் மலையாள ஆராதனைக்காரர்கள் குடையும் கையுமாக வாசலில் நிற்பார்கள். அதனால் எல்லாம் கொஞ்சம் அவசரமாகத்தான் நடக்கும். ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து, முன்னால் போய் முழங்காலிட்டு, அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கள் பெஞ்சு எழும்போது அப்பா மட்டும் எழ மாட்டார். முழங்கால்கள் இரண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவார். நாங்கள் திரும்பி வரும்போதும் அப்படியே. தலை நிமிராது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் ஞாயிறு என்றால் எனக்கு அந்த முழங்கால்கள்தான் ஞாபகம் வரும்.

எங்கள் ஆட்களிடம் இது ஒன்றும் புதிய வழக்கமல்ல. யாரோடாவது பேச்சில்லாமல் இருப்பவர்கள், மனதில் கறை இருப்பதாக நினைப்பவர்கள், பந்தியில் சேராமல் உட்கார்ந்துவிடுவார்கள். தகுதியில்லாமல் சேர்ந்தால் தண்டனை வரும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு மாதம், மிஞ்சிப் போனால் நான்கு மாதம் உட்கார்வார்கள். பிறகு சண்டை போட்டவர் வீட்டுக்கு ஒரு சீப்புப் பழத்தோடு போய்ப் பேசிவிட்டு வந்து, அடுத்த மாதம் சேர்ந்துகொள்வார்கள். அப்பா நாற்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு பள்ளியில் ஒருத்தி என்னிடம், "உனக்க அப்பா யாரைக் கொன்னாரு?" என்று கேட்டாள். நான் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அறைந்தேன். ஆசிரியை என்னைத்தான் முட்டி போட வைத்தார். அன்று ஆரம்பித்தது அப்பா மேல் எனக்கு இந்தக் கோபம். இன்றைக்கு எனக்கு முப்பத்தொன்பது வயது, அரசாங்க ஆபீஸில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா அம்மாவோடு இதே வீட்டில் இருக்கிறேன். கோபமும் கூடவே இருந்தது.

காரணம் என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை. அம்மா சொல்லியிருக்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பு அப்பா பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெரியப்பாவும் அங்கேதான், அடுத்த லைன் வீட்டில். அண்ணன் தம்பிக்குள் ஏதோ தகராறு, எட்டு மாதமாகப் பேச்சில்லை. என்ன தகராறு என்பதை அம்மாவே மறந்துவிட்டாள். மாதம் ஒருமுறை போதகர் மலையேறி வந்து திருவிருந்து கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எழுந்து போவதைப் பார்த்ததும், அவனே போகும்போது எனக்கென்ன என்று அப்பாவும் வீம்புக்கு எழுந்து போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை என் அண்ணனுக்குக் காய்ச்சல். நான் பார்க்காத அண்ணன், மூன்று வயது. செவ்வாய்க்கிழமை காலையில் வலிப்பு வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற பஸ் அன்றைக்கு வரவில்லை. எஸ்டேட் ஜீப் எங்கேயோ போயிருந்தது. விஷயம் கேட்டுப் பெரியப்பா ஓடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் கல்லாறு வந்து, ஒரு கடை வாசலில் ஏதாவது வண்டி வராதா என்று நிற்கும்போது மணி நாலு. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தக் கதையை யார் கேட்டாலும் பஸ்ஸைத்தான் திட்டுவார்கள். அப்பா தன்னைத் திட்டிக்கொண்டார். தான் தகுதியில்லாமல் சாப்பிட்டதற்குக் கடவுள் மூன்றாம் நாளே தீர்ப்புக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினார். எஸ்டேட்டை விட்டு நகரத்துக்கு இறங்கி, பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன். எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். "பனிக்குதா மோளே?" என்பார். காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வார். மலையாளம் பேசிப் பேசி எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்ட சொல் அது. பதினைந்து வயதில் நான் முதன்முதலாகத் திருவிருந்தில் சேர்ந்தபோது, அந்த வாரம் முழுக்க என் நெற்றியில் அவர் கை இருந்துகொண்டே இருந்தது. பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

போன வருஷம் அப்பாவின் இதயம் தளர்ந்துவிட்டது. இனி செய்வதற்கு அதிகமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவின் கண்ணில் வலியைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. சாவுக்குப் பயமில்லை. செத்த பிறகு யார் முன்னால் போய் நிற்க வேண்டுமோ, அவருக்குப் பயம். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. இந்த மனிதர் இப்படி நடுங்கிக்கொண்டே போய்விடக் கூடாது. ஒரு தடவையாவது அந்த அப்பத்தைக் கையில் வாங்க வேண்டும்.

எங்கள் போதகர் என்னைவிட இளையவர். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். ஒரு சின்னத் தோல் பெட்டி, அதற்குள் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கிண்ணம், ஒரு டப்பா. முதல் தடவை வந்து அந்தப் பெட்டியைத் திறந்ததும் அப்பா சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போதகர் பொறுமையாகத்தான் பேசினார். "பயம் வந்தா அவருகிட்டேருந்து ஓடக்கூடாது ஐயா. அவருகிட்டதான் ஓடணும். அதுதான் தேவபயம்."

"அது படிச்சவங்களுக்கு," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே.

போதகர் போன பிறகு நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "பெரியப்பாகிட்ட அன்னைக்கே சமாதானம் ஆயாச்சுல்லியா? இனி யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

"ஆயாச்சு."

"பின்ன என்ன?"

"நீ ஆபீஸுக்குப் போ மோளே, நேரம் ஆவுது."

இப்படித்தான் முடியும் ஒவ்வொரு பேச்சும். இவர் கும்பிடுகிற கடவுள் யார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்து அப்பனுக்குப் பாடம் நடத்துகிற ஒருவரையா காலையும் மாலையும் ஜெபத்தில் இரக்கமுள்ள பிதாவே என்று கூப்பிடுகிறார்? அந்த வார்த்தை வாயில் வரும்போது அவருக்கே கூசாதா? ஒரு வார்த்தை கேட்டால் பதில் வராது. கேட்காமல் இருக்க என்னாலும் முடியாது. பால் வாங்கப் போகும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

போதகர் இரண்டாம் தடவை வந்தது ஒரு ஞாயிறு மத்தியானம். பெட்டி திறந்தது. அப்பா சுவர் பக்கம் திரும்பத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"வருஷா வருஷம் புத்தாண்டுக்குக் கோயில்ல குடுக்கிற வசன அட்டையை எடுத்துட்டு வந்து சுவத்துல ஒட்டுறீங்கல்ல? தயவு, கிருபை, இரக்கம்னு கலர் கலரா எழுதியிருக்கே, அதெல்லாம் யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். 

"எனக்காக இல்ல மோளே," என்றார். "எனக்கு என்ன வந்தாலும் போட்டும். அன்னைக்குச் சாப்பிட்டது நான். போனது அவன். இனி நான் சாப்பிட்டா... எனக்கு இருக்கது நீ ஒருத்திதானே."

நெகிழ்ந்து அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். எனக்காகத்தான் அந்த முழங்கால்களை ஒதுக்கி ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைப் பார்த்து வெட்கப்பட்ட ஒவ்வொரு ஞாயிறும் அவர் எனக்குக் காவல் இருந்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"குடுங்க ஐயா," என்று போதகரிடம் கத்தினேன். "எனக்க தலையில எது விழுந்தாலும் விழட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

போதகருக்கும் அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க யாரும் யாருக்க தலையையும் கேக்கல," என்றார். "குடுக்க வேண்டியவரு சிலுவையிலேயே குடுத்தாச்சு. அது போதாதுன்னு நீங்க ரெண்டு பேரும் ஏலம் போடுறீங்க."

  அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த அம்மா வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் அவளிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

"அவன் எனக்கும் பிள்ளதான்," என்றாள் அப்பாவைப் பார்த்து. "நான் மாசா மாசம் போறேன். பயமில்லாமப் போறேன்னா நெனச்சீங்க? ஒவ்வொரு தடவையும் கை நடுங்குது. இவளுக்கு ஒண்ணும் வரக்கூடாதேன்னு கேட்டுக்கிட்டேதான் போறேன். பயந்துட்டேதான் கைய நீட்டுதேன். வேற யாருகிட்டப் போய் நீட்ட?"

அம்மாவுக்குப் பின்னால் நடந்து போய், அவள் பக்கத்தில் முழங்காலிட்டு, எத்தனை முறை அப்பம் வாங்கியிருப்பேன். அவள் கையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் பார்வையெல்லாம் பின்னால், பெஞ்சில் இருந்த அப்பா மேல்தான் இருந்தது. நானோ பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பயமுமில்லை, பெரிதாக நம்பிக்கையுமில்லை. அப்பாவுக்குப் பாடம் எடுக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

 அப்பா போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். அது நடுங்கிய நடுக்கத்தில் அப்பத்துண்டு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அம்மா அவர் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் திங்கட்கிழமை. நான் ஆபீஸுக்குக் கிளம்பி கால் மணி நேரம் ஆகவில்லை, போன் வந்தது. "எத்திட்டியா மோளே?" இல்லையப்பா, இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறேன் என்றேன். பத்து மணிக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்று. சாப்பிட்டாயா, தலை வலிக்கிறதா, தொண்டை எப்படி இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நேற்று வாங்கிச் சாப்பிட்டதற்கு என்ன அர்த்தம்? இரக்கத்தை நம்பிக் கை நீட்டிவிட்டு, அது கெட்டுப் போகாமல் இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை முகர்ந்து பார்ப்பார்களா?

சாயங்காலம் பழவங்காடியில் பஸ் மாறுவதற்காக இறங்கி நடந்தேன். கணபதி கோயில் முன்னால் யாரோ நேர்ச்சைக்குத் தேங்காய் உடைத்தார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு ஒரு சில்லு தெறித்து வந்து என் காலடியில் விழுந்தது. நான் துள்ளிப் பின்னால் போய், ஒரு ஸ்கூட்டரில் இடிக்கப் பார்த்தேன்.  அந்த ஒரு நொடியில் நான் நினைத்ததும் அப்பா நினைத்ததைத்தான். இதோ வந்துவிட்டது என்று. நடுரோட்டில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். படித்தவள், பஸ்ஸைக் குற்றம் சொன்னவள், இரக்கத்தைப் பற்றிச் சுவர் அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டவள்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டேன். அப்பாவுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மை அது மட்டுமல்ல.

மத்தியானத்துக்குப் பிறகு அப்பாவின் கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் போனை வைத்துக்கொண்டு, எதையும் படிக்காமல் தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றரை. மூன்றே முக்கால். எழுந்து போய்விடலாமா என்று கோபமாக வந்தது. போக முடியவில்லை. அண்ணன் போன அதே நாலு மணிக்கு அப்பா கையை எடுத்து என் நெற்றியில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். நானும் அசையவில்லை. அவர் கை சில்லென்று இருந்தது.

அம்மா சாயாவோடு வந்தபோது மணி நாலேகால். அப்பா கையை எடுத்தார்.

"அவனுக்குப் பனிதான் வந்தது," என்றார் அம்மாவிடம். "இல்லியா?"

அம்மா கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"பனிதான்," என்றாள். "பஸ்ஸும் வரல்ல."

அதற்குப் பிறகுதான் அப்பா அண்ணனுக்காக அழுதார்.