பாக்கியம் அக்கா கேட்டு வந்த பதில்

செவ்வாய்க்கிழமை காலை, நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தபோது மலாக்காவிலிருந்து தந்தி வந்தது. பாக்கியம் அக்கா இறந்துவிட்டார். இரண்டு முறை படித்தேன். மறுபடி உட்கார முடியவில்லை. அங்கே காஜா பேராங் தெருவில் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதும்போதும் இடையிடையே எழுந்து நடக்கிறேன்.

மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, எங்கள் மருத்துவக் கல்லூரியிலிருந்து இரத்தசோகையைப் பற்றி ஆராய உங்கள் தெருவுக்கு வந்தோம். நான் ஆய்வுக்கூட உதவியாளன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அக்காதான் வழிகாட்டினார். ஊசியைக் கண்டதும் வீடுகள் கதவைச் சாத்தின. அக்கா நடுத்தெருவில் நின்று விரலை நீட்டினார்.

“முதல்ல எனக்குக் குத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

கதவுகள் திறந்தன. அடுத்த வீட்டு லெட்சுமி, மலாய் மட்டுமே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண், தமிழ் தெரியாது, ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் கையைப் பிடித்து மலாயில் தைரியம் சொன்னதும் அக்காதான்.

நாங்கள் இரத்த மாதிரிகளோடு திரும்பினோம். முடிவுகளை எழுதினேன், அலமாரியில் அடுக்கினேன். அவை ஆய்வுக் கட்டுரைக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நண்பகல், அக்கா ஆய்வுக்கூட வாசலில் நின்றார். விடியற்காலை பஸ் பிடித்திருக்கிறார்.

“உட்காருங்க அக்கா.”

“உட்கார்ந்தா கேக்க வந்தது மறந்துடும் தம்பி. லெட்சுமி பிரசவத்துல போயிட்டா. ஒடம்புல ரத்தமே இல்ல, முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. முன்னாடிதான் நீங்க எடுத்தீங்களே, என்ன வந்துச்சு?”

முடிவுத் தாள் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. எடுத்துக் கொடுத்தேன். லெட்சுமியின் பெயருக்கு எதிரே சிவப்புப் பென்சிலில் ‘மிகக் குறைவு’ என்றிருந்தது. என் கையெழுத்து.

“இத எப்ப எழுதுனீங்க?”

“வந்து போன மறுவாரம்.”

அவர் கத்தவில்லை. மேசைகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடந்தார். விவரம் அறிந்து வந்த எங்கள் பேராசிரியர், ஆங்கிலத்தில், கட்டுரை வெளிவந்தால் எல்லாருக்கும் பயன்படும் என்றார். அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

“கட்டுரைய லெட்சுமிக்குப் படிச்சுக் காட்டுவாராமா? மத்தவங்களோடதையாவது குடுங்க. விரலப் பிடிச்சுக் குத்த வச்சவ நான். அவங்க மூஞ்சில நான்தானே முழிக்கணும்?”

இதை அப்படியே மொழிபெயர்த்தேன். பேராசிரியர் தாளை வாங்கிச் சிவப்புக் குறிகளை எண்ணினார். பிறகு, “எல்லாவற்றையும் படியெடு. மாத்திரைகளோடு நீயே போ,” என்றார்.

மறுநாள் சிவப்புக் குறியிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் அக்காவும் போனோம். கடைசியாக லெட்சுமியின் கணவர். நான் வாயெடுக்குமுன் அக்கா தடுத்தார். “நீங்க இருங்க, நான் சொல்றேன்.” மலாயில் எதையும் மறைக்காமல் சொன்னார். ‘நாங்கள் கொண்டுவந்து கொடுக்கவில்லை’ என்று தம்மையும் சேர்த்துச் சொன்னார். அவருக்கு அதில் என்ன பங்கு? அந்த ‘நாங்கள்’ என்னை இன்றும் விடவில்லை.

கணவர் தாளைப் பார்த்தார். “சுடா லம்பாட்,” காலம் கடந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பல மாதம் அவர் அக்காவோடு பேசவில்லை. வேறு வழி இருந்தும், அக்கா அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனார்.

அடுத்த ஆய்வுக்கு வந்தபோது, முடிவுகளை இரண்டு வாரத்தில் வீட்டில் சேர்ப்பதாகப் பேராசிரியர் எழுதிக் கொடுத்த பிறகே அக்கா எங்களைத் தெருவுக்குள் விட்டார். இன்று எங்கள் துறையின் எல்லா ஆய்வுக்கும் அதுவே முறை. எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று புதிய மாணவர்கள் நினைக்கிறார்கள். எந்தக் கட்டுரையிலும் அக்காவின் பெயர் இல்லை.

எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு பதைப்பு. எழுதிய முடிவு உரியவர் கைக்குப் போகும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. தந்தி வந்த அன்று மேசையில் மூன்று முடிவுகள் இருந்தன. பக்கத்துச் சிற்றூரில் வீடு தேடிக் கொடுத்துவிட்டு வந்தபோது மலாக்கா பஸ் போய்விட்டது. அடுத்ததில் வந்து இறங்கினேன். அதற்குள் அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டிருந்தார்கள்.