மண்ணெண்ணெய் நிற்கும் தட்டு

சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் ஓர் உயரமான கோபுரம் வரைந்து காட்டுவேன். கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சிக் கோபுரத்தின் அடியில் விடுவார்கள். ஆவி மேலே ஏறும். ஏற ஏறச் சூடு குறையும். கனமானது ஏற முடியாமல் கீழேயே தங்கிவிடும். ரோட்டுக்குப் போடும் தார் அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு மேல்தட்டில் டீசல், அதற்கும் மேலே மண்ணெண்ணெய், பிறகு பெட்ரோல். சிலிண்டரில் அடைக்கும் வாயு உச்சிக்குப் போய்விடும். முன்பெல்லாம் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். இப்போது மண்ணெண்ணெய்த் தட்டு வந்ததும் சாக்பீஸ் நின்றுவிடுகிறது.

என் கணவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. மழைக்காலத்தில் அங்கே காலெல்லாம் அட்டை ஏறும். அதற்காகத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்ணெண்ணெய் கொண்டுபோய்க் காலில் தடவிக்கொள்வார்கள். அன்று காலை ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. மாம்பழ ஜூஸ் குடித்த காலி பாட்டிலில் நான்தான் ஊற்றி வாசற்படியில் வைத்தேன். அவர் மறந்துவிட்டுப் போய்விட்டார். உடனே எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். துணியைக் காயப்போட்டுவிட்டு வரலாம் என்று மாடிக்குப் போனேன். மூடியைச் சரியாகத் திருகினேனா என்பது இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இறங்கி வந்தபோது ஒன்றரை வயது மகன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். வாயெல்லாம் வாடை. என் அலறலைக் கேட்டு, பல வருடம் தோட்டத்தில் காய் எடுத்த எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“ஒண்ணும் குடுக்காத ஆத்தா. அப்படியே தூக்கு, ஆட்டோவக் கூப்புடுறேன்.”

“விஷம்க்கா. வெளிய எடுக்கணும்.”

“தோட்டத்து லயத்து வீடுகள்ல எத்தன பிள்ளைக குடிச்சுப் பாத்துருக்கேன். வாந்தி எடுக்க வச்சா நெஞ்சுல ஏறிக்கிரும். படிச்சவதான, சொன்னாக் கேளேன்!”

நான் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரைப் புகட்டி, தொண்டைக்குள் விரலை விட்டேன். வாந்தி எடுத்தான். அழுகையும் வாந்தியும் ஒன்றாக வந்தபோது, நடுவில் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தான். அந்தச் சத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “வாந்தி எடுக்க வச்சீங்களா?”

மலையிலிருந்து இறங்கி வந்திருந்த கணவர் முந்திக்கொண்டார். “சேச்சே, இவ கெமிஸ்ட்ரி படிச்சவ சார்.”

அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தார்.

“தானா எடுத்தான்” என்றேன்.

லேசான எண்ணெய் என்பதால் வயிற்றில் கிடப்பதைவிட நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். லேசானது என்று எனக்குத் தெரியாதா? அதனால்தானே அது கோபுரத்தில் அத்தனை தட்டு ஏறுகிறது. பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் மலையிலிருந்து பனி இறங்கினால் போதும், நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதும் குறைந்துவிட்டது.

நேற்றும் இழுத்தது. கணவர் அவனைத் தோளில் போட்டுத் தட்டியபடி, “அழுவாத. தானா வந்த வாந்திக்கு நீ என்ன பண்ணுவ?” என்று என்னைத் தேற்றினார்.

நான் இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.