உங்கள் அம்மா பேசாமல் பாஸான கதை

யாராவது வந்து எதிரில் உட்கார்ந்து அழுதால், உங்கள் அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பிறக்கும்போதே அவள் அப்படித்தான் பிறந்தாள் என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. போன மாதம் சின்னவள் என்னிடம், "அம்மாவுக்கு எவ்ளோ பொறுமைப்பா, உனக்குத்தான் அது இல்ல" என்று வேறு சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் நான் இதை எழுதாமல் இருந்தால் நியாயம் இல்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. நான் பக்கத்திலேயே இருந்தவன்.

எழுபதுகளின் பின்பாதி. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை வாடகை வீடு. நான் அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். உங்கள் அம்மா பி.ஏ. முடித்தவள், அவள் வீட்டில் மூத்த பெண். தம்பி தங்கைகள் எப்போது குளிக்க வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும், பரீட்சையில் எந்தக் கேள்வியை முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். கல்யாணமான முதல் வாரத்திலேயே பால்காரருக்கு எருமையை எங்கே மேய்க்கலாம் என்று யோசனை சொன்னாள். அவர் எருமை மேய்க்கத் தொடங்கி முப்பது வருஷம் ஆகியிருக்கும். பாவம், தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அப்படிப்பட்டவள் மேலே படிக்கப் போகிறேன் என்றாள். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களுக்கு உதவி செய்கிற உத்தியோகம். அதற்குப் பட்டத்துக்கு மேல் இரண்டு வருஷம் மெட்ராஸில் படிக்க வேண்டும். கவுன்சிலிங் என்று பெயர். எனக்கு ஒரே சந்தோஷம். ஊருக்கெல்லாம் இலவசமாகப் புத்தி சொல்கிறவளுக்கு இனிமேல் சம்பளமும் கிடைக்கப் போகிறதே என்று நினைத்தேன். இந்த வேலைக்கு இவளை விட்டால் ஆளே கிடையாது என்று தொழிற்சாலையில் பீற்றிக்கொண்டேன்.

சேர்ந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"புத்தி சொல்லக் கூடாதாங்க."

"யாருக்கு?"

"யாருக்குமே. வந்தவங்க பேசணும், நாம கேக்கணும். அவங்களே வழி கண்டுபிடிப்பாங்களாம்."

"அப்ப நீ எதுக்கு?"

"அதத்தான் ரெண்டு வருஷம் படிக்கணுமாம்."

அதன் பிறகு வந்தது அந்த டேப்ரெக்கார்டர். கல்லூரியிலேயே கொடுத்து அனுப்புவார்கள். கறுப்பாக, ஒரு டிபன் பெட்டி மாதிரி இருக்கும். தெரிந்தவர் யாரையாவது சம்மதம் கேட்டு உட்கார வைத்து, அவர் மனதில் உள்ளதைப் பேச விட்டு, அதைப் பதிவு செய்து கொண்டுபோக வேண்டும். பாடம் நடத்துகிற மேடம் அதைத் தனியாகக் கேட்டுப்பார்த்துவிட்டு, உடனே அழித்துவிடுவார்கள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அது அந்தத் தொழிலின் சத்தியம்.

முதலில் உட்கார்ந்தது பக்கத்து வீட்டுப் பெண். பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து வந்து வாழ்க்கைப்பட்டவள். பேச்சில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். அவள் பேசியதை அவளே தெருவெல்லாம் சொல்லிவிட்டதால் நானும் இங்கே எழுதலாம். "எங்க நைனா குடுத்த டப்பெல்லாம் இந்த மனுசன் சீட்டுல போட்டுட்டாருக்கா" என்று, அப்பா கொடுத்த பணம் போன கதையை அவள் ஆரம்பித்ததுதான் தாமதம். உங்கள் அம்மா பீரோ சாவியை எங்கே ஒளித்து வைக்க வேண்டும் என்பதில் தொடங்கி, மாமியாரை எப்படித் தன் பக்கம் இழுக்கலாம் என்பது வரைக்கும் சொல்லி முடித்தாள். டேப் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பரம திருப்தி. மேடத்துக்குத்தான் இல்லை.

இரண்டாவது ஆள் நான்.

"உங்க மனசுல இருக்கிற கஷ்டத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எனக்கு ஒன்னும் கஷ்டம் இல்லியே."

"நல்லா யோசிங்க."

"சாப்பாடு கிடைக்குது, வேலை இருக்குது. இன்னா கஷ்டம்?"

"கஷ்டமே இல்லன்னு சொல்றீங்க பாருங்க, அதான் உங்க கஷ்டம்" என்றாள். பிறகு என் கஷ்டங்களை ஒவ்வொன்றாக அவளே எடுத்துச் சொன்னாள். எனக்கு இவ்வளவு கஷ்டம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பதிவு முடிந்தபோது நிஜமாகவே மனசு கனமாகிவிட்டது.

மேடம் அந்த டேப்பைக் கேட்டுவிட்டுக் கேட்டாராம்: "இதில் யாருக்கு யார் உதவி செய்கிறீர்கள்? நானும் கடைசி வரை கவனித்தேன், புரியவில்லை." கூடவே, இனிமேல் கட்டின புருஷன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு பதிவு. அதுவும் இப்படியே இருந்தால் இரண்டாம் வருஷப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டார்கள். வேறு படிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு நான் கேலி செய்தேன். "போனா போவுது, பால்காரர் இருக்காரே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படியில் திரும்பி நின்றபடியே சொன்னாள்: "சின்ன வயசுலேர்ந்து எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கினு இருக்கேன். யாரும் என்கிட்ட வந்து எதையும் சொன்னதில்ல. ஒருத்தராவது சொல்லட்டுமேன்னுதான் இதுல சேந்தேன்."

கேலியை அதோடு விட்டேன். பேசாமல் கேட்கப் பழகிக்கொள்ளலாம் என்றேன். அவள் யாருக்காவது யோசனை சொல்ல ஆரம்பித்தால் நான் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவேன் என்று ஏற்பாடு. முதல் நாள் தட்டித் தட்டி டம்ளர் நசுங்கியது. மறுநாள் ஸ்பூனையே காணோம்.

கடைசிப் பதிவுக்கு என்னோடு வேலை செய்கிறவரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை ஆள் வந்து சொன்னார்: அந்த அம்மாவின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டாராம், வர முடியாதாம். உங்கள் அம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அமாவாசை. அதனால் என் அப்பா வந்திருந்தார்.

அவர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் பயிரிட்டவர். அமாவாசைக்கு அமாவாசை பஸ் மாறி மாறி வந்து, வேண்டுதலுக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். கம்பெனிகள் வருவதற்காக அந்த வட்டாரத்தில் நிலம் எடுத்தபோது எங்கள் நிலமும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. வரும்போது "பஸ்ஸு லேட்டு" என்பார். போகும்போது "வரேன்" என்பார். நடுவில் ஒன்றும் இருக்காது.

உங்கள் அம்மாவோடு அவர் பேசுவது இன்னும் வேடிக்கை. மாமனார் எதிரில் மருமகள் பேசக் கூடாது, சமமாக உட்காரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்கே புத்தி சொன்னவள் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் ஏனோ இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். இவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாமாவ சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள் என்னிடம். "இன்னும் கொஞ்ச நேரம் ஆவட்டும்னு சொல்லு" என்பார் அவரும் என்னிடம். இருவருக்கும் நடுவில் நான் ஒரு போஸ்ட் ஆபீஸ்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "வேணும்னா எங்க அப்பாவ உக்கார வையேன்" என்றேன்.

"விளையாடுறீங்களா? மாமா எதிர்ல நான் எப்படி வாயத் தொறந்து பேசறது?"

சொல்லிவிட்டு அவளே நின்றாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"உங்க மேடமும் அதத்தான சொல்றாங்க?" என்றேன்.

அப்பாவிடம் சம்மதம் கேட்கிற வேலையும் போஸ்ட் ஆபீஸுக்குத்தான் வந்தது. படிப்புக்கு என்றும், பேசுவது பதிவாகும் என்றும், மேடத்தைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"இன்னாடா பொட்டி அது? பேசுமா?"

"பேசாதுப்பா. கேக்கும்."

"உன்ன மாதிரி இல்ல. அப்ப நல்ல பொட்டிதான்" என்றார். "நான் இன்னா பேசணும்?"

"உனக்கு இன்னா தோணுதோ அது."

"எனக்கு ஒன்னும் தோணலியே."

"அப்ப சும்மா குந்திக்கினு இரு."

"இதுக்கா மருமவ மெட்ராசு போயி படிக்குது?" என்று கேட்டார். ஆனால் தலையை ஆட்டினார். "பாஸ் ஆவணும்னா சரி. நீ இங்க இருக்காத. கெளம்பு."

இருவரும் எதிரெதிரே ஒரே உயரத்தில் உட்கார வேண்டும் என்பது கல்லூரிச் சட்டம். அவள் அடுப்படி வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஆக, சட்டம் எப்படியோ நிறைவேறியது. பெட்டியை முக்காலி மேல் வைத்து பட்டனை அழுத்திவிட்டு நான் வெளியே வந்தேன்.

குளக்கரையில் அமாவாசைக் கூட்டம். படியில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து வெல்லத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கைகூப்பிக்கொண்டு போனார்கள். அரை மணி நேர டேப். உள்ளே இரண்டு பேரும் ஊமைகளாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். அவள் திடீரென்று அவருக்கு பஸ் மாறுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். உட்கார முடியாமல் சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கையை நீட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போவாதண்ணா. மாமா பேசினுகிறாரு."

"என் ஊடும்மா இது."

"இருக்கட்டும். அக்கா என்னத்தான் காவலுக்கு வச்சிருக்காங்க. உன்ன அந்தப் பக்கமா நிக்கச் சொன்னாங்க."

நின்றேன். ஜன்னல் வழியாக அப்பாவின் குரல் வந்தது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும்தான். அவ்வளவு நேரம் தொடர்ந்து அந்தக் குரலைக் கேட்டு எனக்கு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நடுநடுவே "ஊம்" என்று உங்கள் அம்மா. மறுபடி அவர் குரல். ஒரு இடத்தில் நின்றுபோயிற்று. இப்போது இவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. பிறகு மெல்ல, "ஊம்." அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

டேப் எப்போதோ முடிந்து பட்டன் மேலே எழும்பியிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை என்று நான் உள்ளே போனபோதுதான் தெரிந்தது. அப்பா கொல்லைப்பக்கம் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே வந்தவர் என்னைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து, "ஏம்மா, சோறு போடும்மா" என்றார்.

"இதோ மாமா" என்றாள் அவள்.

அன்றோடு போஸ்ட் ஆபீஸை மூடிவிட்டார்கள்.

மறுநாள் அவள் வரும் ரயிலுக்கு ஸ்டேஷனிலேயே காத்திருந்தேன். கூட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாஸ். மேடம் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு குறை சொன்னாராம். நடுவில் ஒரு இடத்தில் உங்கள் அம்மா, "தண்ணி குடிங்க மாமா" என்று சொல்லியிருக்கிறாள். "இதுவும் புத்திமதிதான். இந்த ஒன்றை மட்டும் மன்னிக்கிறேன்" என்றாராம் மேடம். பிறகு அவள் கண் முன்னாலேயே டேப்பை அழித்துவிட்டார்.

"சரி, அப்பா இன்னா சொன்னாரு?" என்றேன்.

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"அவரு என் அப்பா!"

"இருக்கட்டும்."

ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். பிறகு அவள் படித்து முடித்தபோது கேட்டேன். நீங்கள் பிறந்தபோது கேட்டேன். அப்பா போய்ச் சேர்ந்த அன்றைக்கும் கேட்டேன். கடைசி வரை அவர் அமாவாசைக்கு வந்தால் முதலில் தேடுவது என்னை இல்லை. "மருமவ எங்கடா?" என்றுதான் உள்ளே வருவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் கேட்டேன். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இனிமேல் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். உங்கள் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது உங்களுக்குத் தெரிஞ்சே ஆவணும்னு இருக்குதா?"

"பின்ன இருக்காதா? என்கிட்ட சொல்லாதத உன்கிட்ட சொல்லிட்டாரு. நான் என்ன, அவ்ளோ ஆகாதவனா? நிலம் போனப்ப நான் அங்க போயி நிக்கலதான். லீவு குடுக்கல. லீவு குடுத்திருந்தாலும்..."

"ஊம்" என்றாள்.

காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. தெரு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.