சனிக்கிழமை விமானம்

வியட்நாமின் கடற்கரை நகரமான டா நாங்குக்கு நானும் மனைவியும், ஒரகடம் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் நண்பரும் போவதாக முடிவு செய்தோம். மூவருக்கும் முதல் விமானப் பயணம். அடுக்குக் கட்டில் விடுதியில் தங்கி, வாடகை பைக்கில் மலையேறுவதாகத் திட்டம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை நண்பர் எடுத்தார். விமானத்தைத் தவறவிட்டால் பணம் திரும்பாது, பயணமும் அவ்வளவுதான்.

"சனிக்கிழமை நைட் பன்னண்டரைக்கு ஃப்ளைட்டு. அன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்லேர்ந்து ரெண்டு பேருக்கும் லீவு சொல்லிட்டேன்" என்றார். நானும் அப்படியே டைரியில் குறித்துக்கொண்டேன்.

மனைவி டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். "சனிக்கிழமை 00:30ன்னு போட்டிருக்கு. அப்படின்னா வெள்ளிக்கிழமை ராத்திரி ஆச்சே! நீங்க போறதுக்குள்ள ப்ளேன் அங்க போய்த் திரும்பியே வந்துடும்."

தொழிற்சாலையில் சனிக்கிழமை தொடங்கும் நைட் ஷிஃப்ட், ஞாயிறு விடிந்து முடிந்தாலும் சனிக்கிழமைக் கணக்குதான். இத்தனை வருடங்களில் எங்களுக்கு நள்ளிரவில் தேதி மாறியதே இல்லை.

"இன்னா அண்ணி, நல்ல வேளை பாத்தீங்க" என்று நண்பர் உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சனிக்கிழமைன்ன, இப்ப வெள்ளிக்கிழமைன்ற. வெளிநாடு போறியா, கோயம்பேடு போறியா?" என்று சிரித்தார் சூப்பர்வைசர். "சரி, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்துட்டுக் கிளம்புங்க."

போனை வைத்ததும் நண்பர் என் மனைவியிடம் சொன்னார்: "அண்ணி, திரும்பி வர்ற டிக்கெட்டையும் ஒரு தபா பாத்துடுங்க."