மடை மானியம்

ராமநாதபுரம் ஜில்லாவில், சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கண்மாய் நிறைவதே அங்கே அபூர்வம். நிறைந்த வருஷம் மடை திறந்தால் முதல் தண்ணீர் எங்கள் மேலவயலுக்குத்தான் பாயும். மற்றவர்கள் வயலுக்கெல்லாம் அப்புறம்தான். அது நம் குடும்பத்துக்கு ஊர் கொடுக்கும் மரியாதை என்று என்னைப் பெற்ற அய்யா மீசையை நீவிக்கொண்டு சொல்வார். நானும் அதை நம்பிக் கல்லூரி விடுதியில் வாய் கிழிய அளந்திருக்கிறேன்.

அய்யா காலமான பிறகு அந்த வயலை விற்றுவிட முடிவு செய்தேன். ராமநாதபுரத்தில் குடியிருக்கும் எனக்கு விவசாயம் சரிப்படாது. சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று அக்கம்பக்கத்து நிலங்களை வாங்கிக்கொண்டிருந்தது. நிலம் எங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதற்குப் பழைய காகிதம் ஏதாவது வேண்டும் என்றார் அவர்களுடைய வக்கீல்.

நாயாய் அலைந்து ஒரு பழைய பதிவேட்டின் நகலை வாங்கினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்தது. மேலவயல், சேது நாட்டை ஆண்ட ராஜா ஒருவர் கொடுத்த மானியம். வாங்கியவர் எங்கள் ஆள் இல்லை. கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி. சந்திரனும் சூரியனும் உள்ளவரை அவர் வம்சம் மடையைப் பார்த்துக்கொண்டு நிலத்தை அனுபவிக்கலாம் என்று இருந்தது. சூரியன் இன்னும் இருக்கிறது. அதை நம்பித்தானே கம்பெனியே வந்திருக்கிறது!

அடுத்த பக்கத்தில் நீர்பாய்ச்சியின் பெயரை அடித்துவிட்டு, அய்யாவுடைய தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார்கள். காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி. அந்தக் காலத்தில் ஊர்க்கணக்கு எழுதியவரே அவர்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. முதல் தண்ணீர் எங்களுக்கு வந்த மரியாதையே இல்லை, மடை திறக்கிறவர் தன் வயலுக்கு முதலில் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியதை. வெட்கத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போதைய நீர்பாய்ச்சியும் அதே வம்சம்தான். அறுபதை நெருங்குகிறவர், எங்கள் வயலிலேயே கூலிக்கு உழைத்தவர். மார்கழியில் அவர் மடை திறக்கிற அன்று நானும் கரைக்குப் போனேன்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மூழ்கினார். மடையை அடைத்திருக்கும் கல் ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கிறது. அதை நகர்த்தியதும் விலகிக்கொள்ள வேண்டும், தவறினால் தண்ணீரின் இழுப்பு ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். எத்தனை தலைமுறை இதே இடத்தில் மூச்சை அடக்கியிருக்கும்! ராஜா போனார், வெள்ளைக்காரன் போனான், ஜமீன் போனது, இவர்களுடைய நிலமும் போனது. ஆனால் ஒரு வருஷம்கூட மடை ஆளில்லாமல் கிடந்ததில்லை. நான் மலைத்துப்போய் நின்றேன்.

கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குபுகுபுவென்று புறப்பட்ட பிறகுதான் அவர் தலை வெளியே தெரிந்தது. மேலே ஏறி வந்தவரிடம் சொன்னேன்: "அண்ணே, மேலவயலு உங்க பாட்டன் பூட்டன் மானியம். பதிவேட்டுல இருக்கு."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "தெரியும் சின்னய்யா" என்றார்.

"தெரிஞ்சுமா இம்புட்டு வருசமா கேக்காம இருந்தீக?"

"எங்க அய்யா கேக்கக் கூடாதுன்னுட்டாரு. நெலத்தக் கேட்டா மடையையும் பிடுங்கிக்கிருவாக. மடை நம்ம கையில இருந்தா மொதத் தண்ணி நம்ம வயலுக்குத்தானடா போகும்னு சொல்லுவாரு."

"அதான் எங்க வயலாயிருச்சே?"

"பாய்ச்சுறப்ப எங்க வயலுதான்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஆள் போனில் கூப்பிட்டான். எப்போது கையெழுத்துப் போட வருகிறீர்கள் என்று கேட்டான்.

"நெலத்துக்காரரு இங்கனதான் நிக்கிறாரு, அவருகிட்டயே கேளுங்க" என்று போனை நீர்பாய்ச்சியிடம் நீட்டினேன்.