மன்னார்குடி பஸ்ஸில் ஒரு மூளைக்காரர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பட்டுவேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி. இன்று பெண் பார்க்கப் போகிறார். சொந்தக்காரர்களால் கார் நிறைந்துவிட, மாப்பிள்ளை பஸ்ஸில் வந்துவிட்டார்.

"போன தடவ பொண்ணு பாத்த எடத்துல, கஞ்சா மாதிரி ஒரு பொருளப் பத்தி ஆராய்ச்சின்னேன். காபி ஆறுறதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க எழுந்துட்டாங்க. அதான், உங்ககிட்ட ஒரு ஒத்திகை."

"சொல்லுங்க."

"அந்தப் பொருள நம்ம மூளையே செஞ்சுக்குதுங்க. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்புது. வயல்ல தண்ணி நெறஞ்சா என்ன செய்வீங்க?"

"மேல போயி மடைய அடைப்போம்."

"அதேதாங்க! வாங்குற செல்லு இந்தப் பொருளத் திருப்பி அனுப்பி, 'கொறைச்சுக்க'ங்குது. அடிக்கடி சொன்னா, அனுப்புற செல்லு ரொம்ப நாளைக்கு அடக்கமா இருந்துடும். மூளை ஒரு விஷயத்தப் பழகுறதுல இதுவும் ஒரு வழி."

வடுவூர் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. நான் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். சட்டென்று நிறுத்தினார்.

"பாத்தீங்களா, இதாங்க அது!"

மன்னார்குடியில் இறங்கி உற்சாகமாக நடந்து போனார். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார் என்று பெண் வீட்டாருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?